இடுப்பு மடிப்பின் சூட்டுக்குக் காப்புரிமை

அனுப்புநர்:
எர்மெலிண்டா கொண்டா மோகு (வயது 46),
ஆய்வகத் தொழில்நுட்பர்,
பராய் வாத்து சுகாதார மையம்,
லேவா மேட்டுநிலம், கிழக்கு சும்பா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
காப்புரிமை மேல்முறையீட்டுக் குழு,
ஜகார்த்தா.

பொருள்: மலேரியா மருந்து கொடுக்குமுன் செய்யப்படும் நொதிச் சோதனையை உடல் சூட்டில் வைத்துப் பார்க்கும் முறை – லென்த்தெரா என்சிமா நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட காப்புரிமை – அம்முறை வெளிப்படையானது என்பதால் காப்புரிமையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
அ. எனது எதிர்ப்பு மனு, நாள் 06.02.2023.
ஆ. மேற்படி நிறுவனத்தின் பதிலுரை, நாள் 19.06.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும், முகம் கழுவுவதற்கும் முன்பாக, சோதனை மேசையின் மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். பதினேழு டிகிரி. இதே மேசை மதியம் இரண்டு மணிக்கு முப்பத்து நான்கு காட்டும். எங்கள் கூரை தகரம். மேட்டுநிலத்தின் ஜூலை மாதக் காலை பனிக்காற்று. குளிரூட்டி கிடையாது, இருந்தாலும் அதை ஓட்டும் அளவுக்கு மின்சாரம் நிலைப்பதில்லை. இந்தப் பதினேழுக்கும் முப்பத்து நான்குக்கும் நடுவில்தான் என் புகார் முழுவதும் அடங்கியிருக்கிறது.

2. தாங்கள் மருத்துவத் துறையினர் அல்லர் என எண்ணிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவகை மலேரியா ஈரலில் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அதை வேரோடு எடுக்க ஒரு மாத்திரை உண்டு. ஆனால் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதே மாத்திரை இரத்த அணுக்களை உடைத்துவிடும். ஆகவே மாத்திரைக்கு முன் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதனை அட்டையில் விட்டு, பத்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். ஊதா நிறம் ஏறினால் நொதி உண்டு, மாத்திரை தரலாம். ஏறாவிட்டால் தரக் கூடாது. நொதி சூட்டில் விரைவாகவும் குளிரில் மெதுவாகவும் வேலை செய்யும். அதனால் வெயில் நேரத்தில் நொதி குறைந்தவரின் அட்டையும் ஊதாவாகிவிடும். சோதனை அட்டைகளோடு பெட்டியில் வரும் தாளில், மேசைமேல் வைத்து, பதினெட்டு முதல் முப்பத்திரண்டு டிகிரிக்குள் செய்க என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் எங்கள் மேசை ஒரு நாளில் சில மணி நேரம்தான் இருக்கும். நோயாளிகளோ நான்கு மணி நேரம் நடந்து, வெயில் ஏறிய பிறகே வந்து சேர்கிறார்கள்; இருட்டுமுன் வீடு திரும்பவும் வேண்டும்.

3. 2016 செப்டம்பரில் ஹினா மெஹாங் என்ற குதிரை வளர்ப்பவர் மதியம் ஒன்றரை மணிக்கு வந்தார். அட்டையை நான்தான் மேசையில் வைத்தேன். ஊதா ஏறியது. பதிவேட்டில் ‘இயல்பு’ என்று எழுதினேன். மாத்திரை கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் அவருடைய சிறுநீர் கறுத்தது. வைங்கப்பு நகர மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்தார். நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தார். சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நான் பார்க்கச் சென்றபோது அவர் கட்டிலில் இருந்தபடியே, “காபி எனக்குக் குடிக்கத்தான் பிடிக்கும் அக்கா, பெய்யறதுக்கு இல்ல” என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ‘இயல்பு’ என்ற சொல் என் கையெழுத்தில் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது. அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். நிறுவனம் தேடிக் கண்டுபிடிக்கும் முன் நானே தருவது நல்லது.

4. மறு ஆண்டு ஜூலையில் நடந்தது இது. எங்கள் மையத்தின் சுகாதாரத் தொண்டர் பாபாங் அக்கா (அப்போது வயது 58) ஒரு மலைக் குடியிருப்பில் காய்ச்சல்காரர்களுக்குச் சோதனை செய்துகொண்டிருந்தார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போய்ச் சேர்ந்தேன். மேசையாக வைத்திருந்த பலகை காலியாக இருந்தது. அட்டை எங்கே என்று கேட்டேன். அவர் தம் கைலியின் இடுப்பு மடிப்பைத் தட்டிக் காட்டினார். எங்கள் பெண்கள் பாக்குப் பை, சில்லறை, சாவி, ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை எல்லாவற்றையும் செருகும் இடம் அது. நான் கோபித்துக்கொண்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “பலகைல வச்சா காத்து தூக்கிட்டுப் போவுது எர்மா. இடுப்புல வச்சா நான் போனாத்தான் அது போவும்.”

5. இரத்தம் ஊறட்டும் என்று முதல் ஒரு நிமிடம் அட்டையைத் தட்டையாகப் பிடித்திருந்து, பிறகு கையுறையின் விரலை வெட்டி உறையாக மாட்டி, இடுப்பில் செருகியிருக்கிறார். பெட்டித் தாளில் உள்ள பத்து நிமிடம் அவருக்கு மிக நீளமாகப்பட்டது; அதற்குள் எல்லா அட்டையும் ஊதாவாகிவிடுகிறது என்று அவராகவே கண்டுகொண்டு, நேரத்தைக் குறைத்திருந்தார். அவரிடம் கைக்கடிகாரம் இல்லை. வெற்றிலைக் கொடியின் காயும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து ஒரு வாய் போட்டு, மென்று, சிவந்து, துப்பும் நேரம்தான் அவருடைய அளவு. “ஒரு வாய் நேரம்” என்பார். திட்டிக்கொண்டே அவருடைய அன்றைய முடிவுகளை, அதே ஆட்களுக்கு நான் பலகையில் வைத்துப் பார்த்த முடிவுகளோடு ஒப்பிட்டேன். ஒரே ஆளுக்கு அவர் காலையில் பார்த்ததும் மதியம் பார்த்ததும் ஒன்றாக இருந்தன. என்னுடையவை ஒன்றாக இல்லை.

6. அடுத்த ஓராண்டில் அறுபத்து மூன்று பேரிடம் இரு வழியிலும் சோதித்தோம். அதே இரத்தத்தைப் பனிப்பெட்டியில் வைங்கப்பு மருத்துவமனையின் இயந்திரத்துக்கும் அனுப்பினோம். இடுப்பு மடிப்பின் முடிவு அறுபத்தொரு பேரிடம் இயந்திரத்தோடு பொருந்தியது. மேசையின் முடிவு நாற்பத்து நான்கு பேரிடம்.

7. இங்கே என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபரில் மாவட்டத்துக்கு இரண்டு பக்க அறிக்கை தட்டச்சு செய்து அனுப்பினேன். அதில் ‘இடுப்பு மடிப்பு’ என்று எழுதக் கூச்சமாக இருந்தது. குப்பாங் நகரில் மூன்றாண்டு படித்தவள், உயர் அலுவலர்களுக்கு எழுதும் தாளில் எப்படி இடுப்பு என்று எழுதுவது? ‘பொருத்தமான சீரான வெப்பநிலையில்’ என்று எழுதினேன். ‘ஒரு வாய் நேரம்’ என்பதை ‘போதிய கால அளவு’ ஆக்கினேன். நிறுவனத்தின் பதிலுரை, பத்தி 14, இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது: மேற்படி அறிக்கையில் உடலைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்கிறது. உண்மை. ஒரு சொல்லும் இல்லை. ஆகவே இந்த மனுவில் இடுப்பு என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் பலமுறை எழுதியிருக்கிறேன். தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

8. 2019 ஆகஸ்டில், அட்டையைத் தயாரிக்கும் இதே நிறுவனத்தின் பொறியாளர் செல்வி நிங்சி, அதன் பயன்பாட்டைப் பார்க்க எங்கள் மையத்துக்கு வந்து பதினொரு நாள் தங்கினார். நல்ல பெண். எங்களிடம் மறைக்க எதுவும் இருக்கவில்லை, இடுப்பு மடிப்பையும் காட்டினோம். விருந்தாளிக்கு வெற்றிலைக் காய் தட்டு நீட்டுவதும், நீட்டியதை மறுக்காமல் எடுப்பதும் எங்கள் வழக்கம். அவரும் எடுத்தார். இரண்டு நிமிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். “ஜாவாப் பொண்ணு, பாவம். வாந்தி எடுத்தா அதையும் நோட்டுல எழுதிக்கட்டும்” என்றார் பாபாங் அக்கா. தெளிந்த பிறகு நிங்சி கேட்டார்: “இந்த நேரம் எவ்வளவுன்னு யாராச்சும் அளந்து பாத்திருக்கீங்களா?” அதற்கு அக்கா, “அளக்கறதுக்கு இதென்ன துணியா? வாய் செவந்தா ஆச்சு” என்றார். அன்று பிற்பகல் நிங்சி கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு, அக்கா மெல்லும் நேரத்தை மூன்று முறை அளந்தார். 6 நிமிடம் 55 விநாடி, 7 நிமிடம் 10 விநாடி, 7 நிமிடம் 25 விநாடி. சராசரி 7 நிமிடம் 10 விநாடி. அவர் சொல்லச் சொல்ல எங்கள் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் நான் குறித்துக்கொண்டேன். அப்பக்கத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

9. இதற்குப் பிறகு தங்கள் அலுவலகம் வெளியிட்ட காப்புரிமை ஆவணத்தில், மூன்றாவது உரிமைக் கோரிக்கையைத் தாங்கள் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். அட்டையைத் தோலோடு ஒட்டிய துணிப் பையில் வைக்கும் நேரம் ‘மிகச் சிறப்பாக 7 நிமிடம் 10 விநாடி’ என்று இருக்கிறது. ஏன் அந்தப் பத்து விநாடி? அதே ஆவணத்தின் நான்காம் அட்டவணைப்படி ஆறு நிமிடம் முதல் எட்டு நிமிடம் வரை முடிவில் எந்த வேறுபாடும் இல்லை. எந்த அறிவியலும் அந்தப் பத்து விநாடியைக் கேட்கவில்லை. அது பாபாங் அக்காவின் பற்களின் வேகம். அன்று அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்காமல் இருந்திருந்தால் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு ஆறரை நிமிடமாக இருந்திருக்கும்.

10. நிறுவனம் தன் பங்குக்குச் சேர்த்தவை இரண்டு: இடுப்பு மடிப்புக்குப் பதிலாகக் கட்டிக்கொள்ளும் ஒரு துணிப் பை, பையில் நிறம் மாறும் வெப்பப் பட்டை. இவ்விரண்டும் இருப்பதால் இது புதியது என்கிறார்கள். புதியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் பை தைக்கவில்லை. ஆனால் சட்டம் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்கிறது: இத்துறையில் பழகிய ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா, இல்லையா? தோன்றியிருக்கும் என்றால் அது வெளிப்படையானது, காப்புரிமைக்கு இடமில்லை. மடிப்பில் வைத்ததைப் பையில் வைக்கலாம் என்று தோன்றுவதற்குப் பொறியாளர் வேண்டியதில்லை, ஐயா. தையற்காரர் போதும்.

11. இதற்கு நிறுவனத்தின் பதில், ‘துறையில் பழகியவர்’ என்பது ஆய்வுக்கூட அறிஞரைக் குறிக்கும், ‘கிராமச் சுகாதார மையப் பெண்களை’ அன்று. ஓர் ஆய்வுக்கூட அறிஞருக்கு அட்டையை மேசையிலிருந்து எடுக்க வேண்டும் என்றே தோன்றாது. பெட்டித் தாளும் அதற்கு நேர்மாறாகவே சொல்கிறது. எனவே இது வெளிப்படையானது அன்று என்கிறார்கள். இதைக் கடுமையாக மறுக்கிறேன். அவர்களுடைய ஆய்வுக்கூடம் ஆண்டு முழுவதும் இருபத்தைந்து டிகிரி. அங்கே இருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. கேள்வி எழாதவருக்கு விடை வியப்பாகத்தான் இருக்கும். இந்த அட்டை யாருக்காகச் செய்யப்பட்டது? பெட்டியின் மேலேயே ‘கள நிலையங்களுக்கு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். விற்கும்போது நாங்கள் களம். காப்புரிமை கேட்கும்போது நாங்கள் வெறும் பெண்களா? 2014 முதல் இன்றுவரை நான் என் கையால் இந்தச் சோதனையை நாலாயிரம் தடவைக்கு மேல் செய்திருக்கிறேன். சட்டம் தேடும் அந்தப் பழகிய ஆள் நான்தான். அல்லது பாபாங் அக்கா. எங்களை விசாரணைக்கு அழைத்துக் கேளுங்கள்.

12. நிறுவனத்தின் பத்தி 22 எல்லாவற்றிலும் கூர்மையானது. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ‘இது அவ்வளவு வெளிப்படை என்றால், 2014இல் அட்டை வந்த மனுதாரருக்கு 2017 வரை ஏன் தோன்றவில்லை?’

13. இந்த வரியைப் படித்த அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. எனக்குச் சட்ட உதவி செய்யும் வைங்கப்பு வழக்குரைஞர் திரு. மெல்கியாஸ் நாலே, பேசாமல் வழியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னது: “அக்கா, வெளிப்படைன்னு எழுதினா, நீங்க கண்டுபிடிச்சது ஒண்ணுமே இல்லன்னு நீங்களே கையெழுத்துப் போடறீங்க. அது மட்டுமா? 2016லயே தெரிஞ்சிருக்கணும்னும் ஆயிடும். அந்தக் குதிரைக்காரர் நாளைக்கு உங்க மேலயே கேஸ் போடலாம். ‘இது என்னோடது, திருடிட்டாங்க’ன்னு எழுதுங்க. பேரும் உங்களுக்கு, பழியும் இல்ல.” என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அப்படி ஒரு மனுவையும் அழகாக எழுதிக் கையில் கொடுத்தார்.

14. நிறுவனமும் அதே வழியைக் காட்டியது. மனுவைத் திரும்பப் பெற்றால் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதாகவும், எங்கள் மையத்துக்கு ஐந்தாண்டு பைகளை இலவசமாகத் தருவதாகவும் ஜூன் 23இல் கடிதம் எழுதியது. எங்கள் மையத்துக்கு மட்டும். அடுத்த மலையில் இருப்பவர் என்ன செய்வார் என்று அக்கடிதத்தில் இல்லை.

15. நான் மூன்று நாள் யோசித்தேன். பிறகு பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஹினா மெஹாங் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எழுதப் போவதையும், அதைக் கொண்டு அவர் என்மேல் வழக்குப் போடலாம் என்பதையும். அவர் குதிரையின் குளம்பைச் சுரண்டி முடித்தார். பிறகு, “கேஸ் போட்டு என்ன, உங்க மோட்டார் சைக்கிளையா வாங்கப் போறேன்? அது என் குதிரையவிடக் கெழடு” என்றார். அதன்பின் சிரிப்பில்லாமல், “என் பொண்ணுக்கு எப்ப அக்கா பாப்பீங்க?” என்று கேட்டார்.

16. ஆகவே பத்தி 22க்கு என் பதில் இது. எனக்கு மூன்றாண்டு தோன்றவில்லை. காரணம் எனக்கு அறிவு இல்லாதது அன்று, பெட்டித் தாள் இருந்ததுதான். நொதி சூட்டில் விரையும் என்பது கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம். மனித உடம்பின் சூடு காலையிலும் மதியத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது தாய்மாருக்கெல்லாம் தெரியும். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தன. மேசையில் வை என்று தாள் சொன்னது, வைத்தேன். தாளைப் படிக்கக் கண்ணாடி இல்லாத பாபாங் அக்காவுக்கு, 2017இல் அட்டை கைக்கு வந்த முதல் வாரமே கை தானாக இடுப்புக்குப் போயிற்று. இது வெளிப்படையானது. 2016இலும் வெளிப்படையாகவே இருந்தது. நான் பார்க்கவில்லை. இதை எழுதிக் கையெழுத்திடுவதால் எனக்கு என்ன வந்தாலும் சரி. பெயருக்காக இதைக் கடினமான கண்டுபிடிப்பு என்று பொய் சொல்ல மாட்டேன்.

17. காப்புரிமையால் நேர்ந்ததையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். நிறுவனத்தின் அறிவிப்பைத் தொடர்ந்து, வழக்கு முடியும்வரை உடல் சூட்டில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது, மீறுவோர் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்று ஏப்ரல் 3இல் மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நிறுவனத்தின் பை இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. அட்டைகள் மறுபடியும் மேசைக்குப் போய்விட்டன. மதியம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். மூன்று மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஹினா மெஹாங்கின் மகள் மெலியாத்தியும் ஒருத்தி. பதினான்கு வயது, இந்த ஆண்டில் மட்டும் நான்காவது காய்ச்சல். தந்தையின் குறை மகளுக்கு வந்தே தீரும். ஆனால் பெண்களுக்கு அது பாதியாக வரலாம், நிறம் மங்கலாக ஏறும். ஐந்து டிகிரி கூடினால் அந்த மங்கல் ஊதாவாகிவிடும். அவள் அட்டையை அந்த மேசையில் வைக்க என்னால் இயலாது.

18. எனவே தாங்கள் கீழ்க்கண்டவாறு ஆணையிட வேண்டும். மேற்படி காப்புரிமை முழுவதையும், அந்தப் பத்து விநாடியோடு சேர்த்து, வெளிப்படையானது என்ற காரணத்தால் நீக்க வேண்டும். அதை என் பெயருக்கோ, எங்கள் மையத்தின் பெயருக்கோ, வேறு எவர் பெயருக்கோ மாற்றக் கூடாது. இறுதி ஆணை வரும்வரை, நோயாளிகளுக்காக இம்முறையைக் கையாளும் எந்தச் சுகாதார மையத்தையும் தடுக்கக் கூடாது என இடைக்கால ஆணை உடனே வழங்க வேண்டும்.

19. கடைசியாக ஒன்று. இடைக்கால ஆணை எப்படி விரைந்தாலும் இக்கடிதம் கப்பலேறித் தங்கள் மேசையை அடையவே பத்து நாளாகும். மெலியாத்தியை வரும் திங்கட்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன். அன்று அவள் அட்டையை என் இடுப்பு மடிப்பில் வைத்துத்தான் பார்ப்பேன். அதற்கு அடுத்து வருபவருக்கும் அப்படியே. சுற்றறிக்கையை அறிந்தே இதைச் செய்கிறேன். திரு. நாலேவிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பார். பாபாங் அக்காவிடமும் சொல்லவில்லை. சொன்னால் தானே செய்கிறேன் என்று முன்னால் வந்து நிற்பார். முதலில் அறிபவர் தாங்களே. கண்டுபிடித்தவர் பட்டியலில் வேண்டாம் என்று நான் சொன்ன பெயரை, மீறியவர் பட்டியலில் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். எழுத்துப் பிழை நேராதிருக்கக் கீழே முழுமையாகத் தந்துள்ளேன்.

நடவடிக்கையை எதிர்நோக்கி, எந்த விசாரணைக்கும் வர ஆயத்தமாக,

எர்மெலிண்டா கொண்டா மோகு
(கையொப்பம்)

இடம்: பராய் வாத்து
நாள்: 13.07.2023

இணைப்புகள்:
1. சோதனைப் பதிவேடு, செப்டம்பர் 2016 – ஒரு பக்கம்.
2. ஒப்பீட்டுப் பட்டியல், 63 பேர்.
3. மாவட்டத்துக்கு அனுப்பிய அறிக்கை, அக்டோபர் 2018.
4. வருகைப் பதிவேடு, ஆகஸ்ட் 2019 – ஓரக் குறிப்புள்ள பக்கம்.
5. நிறுவனத்தின் கடிதம், 23.06.2023.
6. தம் விவரங்களை இம்மனுவில் எழுத ஹினா மெஹாங் அவர்கள் அளித்த ஒப்புதல், கைரேகையுடன்.